ஊனுக்கோ, கொம்புக்கோ?

வேட்டை என்னும் செயல் ஒன்றே. அம்பு தைப்பதும் குண்டு பாய்வதும் விலங்கு வீழ்வதும் எல்லாவிடத்தும் ஒரே தன்மையன. ஆயினும், வீழ்ந்த மானின் ஊனைச் சுமந்து செல்பவனை ஒருவகையாகவும், அதன் தலையை அறுத்துக் கொம்பைச் சுவரில் மாட்டுபவனைப் பிறிதொரு வகையாகவும் உலகம் மதிப்பிடுகின்றது. முன்னவன் பசித்தவன், பின்னவன் செருக்கினன். இவ்வாறு தீர்ப்பளித்துவிட்டு நாம் அமைதியடைகின்றோம். இத்தீர்ப்பு முழுதும் பொருந்துமா, ஒரு பகுதிதான் பொருந்துமா என்று ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்கு இடந்தந்தவை அண்மை ஆண்டுகளில் வெளிவந்த இரண்டு செய்திகள். 2023 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், வேட்டையின் வெற்றிச் சின்னங்களாகிய தலை, கொம்பு, தோல் முதலியவற்றைப் பிரித்தானியாவுக்குள் கொண்டுவருதலைத் தடை செய்யும் மசோதா அந்நாட்டுப் பொதுச்சபையில் நிறைவேறிற்று. அதே ஆண்டு செப்டெம்பரில் அது பிரபுக்கள் சபையில் முட்டுப்பட்டு நின்றுபோயிற்று. மற்றைய செய்தி ஆபிரிக்காவினின்று வந்தது. 2024 ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதத்தில், கொடிய வறட்சியால் மக்கள் உணவின்றி வாடியமை கண்ட நமீபியா அரசாங்கம், 723 காட்டு விலங்குகளைக் கொன்று அவற்றின் இறைச்சியை மக்களுக்குப் பங்கிடத் தீர்மானித்தது. அவற்றுள் 83 யானைகளும் 300 வரிக்குதிரைகளும் இருந்தன. 100 ஈலண்டுகளும் 50 இம்பாலாக்களும் இருந்தன. பின்னிரண்டும் எமது பழந்தமிழ்ச் சொல்லால் இரலை எனத்தக்க இனத்தைச் சேர்ந்தவை.

சின்னத்துக்காகக் கொல்லாதே என்றவர்களில் ஒரு சாரார், ஊணுக்காகக் கொல்லப் புகுந்த நாட்டையும் கண்டித்தனர். ஆபிரிக்க அரசாங்கங்களோ, சின்னம் தேடி வருபவன் தரும் பணத்தாலேயே எங்கள் காடும் விலங்கும் காக்கப்படுகின்றன என்றன. எனவே ஊன் நன்று, கொம்பு தீது என்னும் பாகுபாடு வெளித்தோற்றத்திற் போல அத்துணை எளியது அன்று என்பது புலனாகும். யானை, வரிக்குதிரை ஆகியவற்றை விடுத்து, எம் நாட்டுக்கும் எம் இலக்கியத்துக்கும் நெருங்கிய மானையே உதாரணமாகக் கொண்டு இதனை நோக்குவோம்.

கொம்பின் இயல்பு

தமிழில் ஆவின் கொம்பும் மானின் கொம்பும் ஒரே சொல்லாற் சுட்டப்படுகின்றன. இயற்கையில் அவை வெவ்வேறானவை. ஆவுக்கும் ஆட்டுக்கும் இரலைக்கும் உள்ள கொம்பு என்புக்கருவின் மேல் உறைபோல வளர்ந்து வாழ்நாள் முழுவதும் நிலைப்பது. அதனை இழந்த விலங்குக்கு மறுபடி அது வளர்வதில்லை. புள்ளிமானுக்கும் மரைக்கும் உள்ள கொம்போ முழுவதும் என்பு. மென்மயிர் போர்த்த தோலினுள்ளே குருதி ஓடி அது வளரும். வளர்ச்சி முற்றியதும் அத்தோல் காய்ந்து உரியும். கலைமான் அதனை மரத்தில் உராய்ந்து போக்கிக்கொள்ளும். இனப்பெருக்கக் காலத்துப் போட்டிக்கு அது படைக்கலமாகும். பின்னர் அது தானே உதிர்ந்துவிட, புதியது அரும்பும். பனிநாட்டுக் கலைமானினம் ஒன்றைத் தவிர, ஏனைய மானினங்களில் இக்கொம்பு ஆணுக்கே உரியது.

இவ்வியல்பை அறிந்தால் ஓர் உண்மை தெளிவாகும். மானின் இறைச்சி வேண்டுவோன் மானைக் கொன்றே தீரல் வேண்டும். மானின் கொம்பு வேண்டுவோனுக்குக் கொலை வேண்டுவதில்லை. காட்டில் உதிர்ந்து கிடப்பதை எடுத்து வந்தாற் போதும். அவ்வாறிருந்தும் கொம்புக்காக ஒருவன் மானைக் கொல்கின்றான் எனில், அவன் விரும்புவது கொம்பாகிய பொருளை அன்று. தான் கொன்றான் என்பதற்குரிய சான்றையே அவன் விரும்புகின்றான். உதிர்ந்த கொம்பைச் சுவரில் மாட்டி அதன் கீழ் நின்று மீசை முறுக்குவார் ஒருவரும் இலர்.

இச்சான்றை அளந்து நிரற்படுத்துதற்கும் அமெரிக்காவில் ஒரு முறை வகுத்துள்ளனர். பின்னாளில் ஜனாதிபதியாகிய தியோடர் ரூஸ்வெல்ற் முதலியோர் 1887 இல் நிறுவிய பூன்–குரொக்கற் கழகம், கொம்பின் நீளம், கிளைகளின் நீளம், சுற்றளவு, இரு கொம்புகளுக்கிடையிலுள்ள அகலம் ஆகியவற்றை அங்குலத்தில் அளந்து கூட்டிப் புள்ளியிடும். இடக்கொம்பும் வலக்கொம்பும் ஒத்திராவிடிற் புள்ளி குறையும். கனடாவின் சஸ்காற்சுவான் மாகாணத்தில் 1993 இல் வீழ்த்தப்பட்ட வெள்ளைவால் மான் ஒன்று 213 5/8 புள்ளி பெற்று உலகச் சாதனையாகப் பதிவாயிற்று. பரீட்சைத் தாள் திருத்துவோராகிய எமக்கு இம்முறை வியப்பளியாது. ஆயினும், பரீட்சை எழுதியது மான். பரிசு பெற்றவர் மனிதர்.

ஈழத்துக் காடுகளில்

எமது தீவில் இவ்விரு வேட்டைகளும் அருகருகே நிகழ்ந்தன. 1660 ஆம் ஆண்டில் திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக் கரையிற் சிறைப்பட்டுக் கண்டி இராச்சியத்திற் பத்தொன்பது ஆண்டு கழித்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681 இல் வெளியிட்ட தம் நூலில் வேடர்களைப் பற்றி ஒரு செய்தி கூறுகின்றார். அவர்கள் மரப்பொந்தில் தேனை வார்த்து அதனுள் இறைச்சியை இட்டுக் களிமண்ணால் மூடி வைப்பராம். இல்லாமை வந்துற்ற காலத்தில் எடுத்துண்பராம். இச்செய்தியில் வேட்டையின் எல்லை முழுவதும் அடங்கியிருக்கின்றது. பொந்து நிறைந்தால் வேட்டை ஓயும்.

ஏறத்தாழ இரு நூற்றாண்டின் பின்னர், 1848 முதல் 1855 வரை நுவரெலியாவிற் குடியிருந்த சாமுவேல் பேக்கர் மரைகளை வேட்டைநாய் கொண்டு துரத்தினார். நாய்கள் மரையை ஓடையில் மறித்து நிறுத்தியதும் தாம் கத்தியோடு பாய்ந்து கொல்லுதலே உயர்ந்த விளையாட்டு என்பது அவர் கொள்கை. 1854 இல் இலண்டனில் அச்சாகிய அவருடைய வேட்டை நூல் ஆங்கிலேயரிடையே பெரும் பெயர் பெற்றது. பேக்கருக்கும் அவர் காலத்துத் துரைமாருக்கும் வேட்டை பசி தீர்க்கும் வழியன்று. பொழுதுபோக்கும் புகழும் அதனால் வந்தன.

அப்பால் நிகழ்ந்தது ஆராயத்தக்கது. விலங்குகள் அருகிவரக் கண்டு 1894 இல் இலங்கை வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்தோர் வேட்டையாடிய துரைமாரே. 1900 ஆம் ஆண்டளவில் யாலப் பகுதியிற் சரணாலயம் எழுந்தது. அதன் அயலில் 'வதியும் விளையாட்டு வேட்டையாளர்' என்போருக்கென ஒரு காடு தனியே ஒதுக்கப்பட்டது. 1909 இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அனுமதிப் பத்திரமும் தடைக்காலமும் விதியாயின. அனுமதிப் பத்திரத்துக்குப் பணம் கட்டக்கூடியவன் விளையாட்டு வேட்டையாளன் ஆனான். தலைமுறை தலைமுறையாகத் தன் சேனைப் பயிரைத் தின்ன வரும் மானை வெடிவைத்துக் குடும்பத்துக்கு ஊட்டியவன் கள்ள வேட்டைக்காரன் ஆனான். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்து இவ்விதிகளைத் தம் கையாலேயே நடைமுறைப்படுத்திய லெனாட் வூல்ப், 1913 இல் எழுதிய தம் நாவலில் அவ்விதிகளுக்கு உட்பட்ட காட்டு வேட்டைக்காரன் ஒருவனையே தலைமகனாக நிறுத்தினார். மேசைக்கு அப்பால் நின்றவனின் பக்கத்து நியாயம் அவருக்குப் புலனாகியிருத்தல் வேண்டும்.

ஆகவே, எம் நாட்டிற் கொம்புக்கும் ஊனுக்குமிடையே நீதி ஒரு காலத்திற் தலைகீழாக நின்றது என்னலாம். கொம்பு விரும்பியவன் கனவான். ஊன் விரும்பியவன் குற்றவாளி. எனினும் ஒருபாற் கோடாது நோக்கின் மற்றொன்றையும் கூறல் வேண்டும். அக்கனவான்கள் எழுப்பிய வேலியே பின்னாளிற் காட்டுக்குக் காவலாயிற்று. 1937 இன் தாவர விலங்கினப் பாதுகாப்புச் சட்டமும், 1938 இல் தேசியப் பூங்காக்களாகிய யாலவும் வில்பத்தும் அவ்வழி வந்தவையே. நோக்கம் தூயதன்று, பயன் நன்று. உலகியலில் இவ்வகை முரண்பாடு அரிதன்று.

சந்தைக்குச் சென்ற ஊன்

ஊனுக்காக வேட்டையாடுதல் இயல்பிலேயே அளவுடையது என்று கருதுவோர் அமெரிக்க வெள்ளைவால் மானின் வரலாற்றை அறிதல் நன்று. ஐரோப்பியர் குடியேறுமுன்னர் அக்கண்டத்திற் கோடிக்கணக்காக இருந்த அம்மான், 1900 ஆம் ஆண்டளவில் ஐந்து இலட்சத்துக்கும் குறைந்துவிட்டது என மதிப்பிடுகின்றனர். அதனை அந்நிலைக்குக் கொணர்ந்தவர்களுள் முதல்வர் சந்தை வேட்டைக்காரர். சுவரில் மாட்டுதற்காக அவர்கள் கொல்லவில்லை. புகைவண்டிப் பாதை வந்தபின் காட்டில் வீழ்ந்த மான் சில நாளிற் பெருநகரத்துக் கடையிலும் உணவு விடுதியிலும் தொங்கிற்று. தோலும் விலைபோயிற்று. ஒரு குடும்பத்தின் வயிற்றுக்கு அளவு உண்டு. நியூயோர்க் நகரத்தின் வயிற்றுக்கு அளவு ஏது?

இதனைத் தடுத்தது ஊன் விற்பனையைத் தடுத்த சட்டமே. 1900 ஆம் ஆண்டின் லேசிச் சட்டம், விதிமீறிக் கொன்ற விலங்கை ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்கு வாணிகமாக அனுப்புதலைக் குற்றமாக்கிற்று. மாநிலங்கள் காட்டுமானின் இறைச்சியை விற்பதையே விலக்கின. இன்றும் அங்கு வேட்டையாடியவன் தான் கொன்ற மானை உண்ணலாம், அயலானுக்குக் கொடுக்கலாம், ஏழைகளின் உணவுச்சாலைக்கு வழங்கலாம், விற்றல் ஆகாது. எமது 1937 ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்த அதே ஆண்டில் அங்கு இயற்றப்பட்ட பிற்மன்–றொபேட்சன் சட்டம், துவக்கு, தோட்டா ஆகியவற்றின் மீதான வரியைக் காட்டுவிலங்கின் நலனுக்கே ஒதுக்கிற்று. இன்று அங்கு வெள்ளைவால் மான் ஏறத்தாழ மூன்று கோடி. ஆண்டுதோறும் சுமார் அறுபது இலட்சம் மான்கள் வேட்டையில் வீழ்ந்தும் அதன் தொகை குறைந்திலது. எண்ணிப் பார்த்தால், மானை அழித்ததும் ஊன் வேட்டை. மான் பெருகிய பின் அதனைக் கட்டுப்படுத்துவதும் ஊன் வேட்டை. இடையில் மாறியது ஒன்றே: விலை நீங்கிற்று.

எமது முன்னோர் ஊனை விற்றிலரோ என ஒருவர் வினவலாம். புறநானூற்றிலே வேட்டுவன் கொணர்ந்த மான்தசையையும் ஆய்மகள் கொணர்ந்த தயிரையும் ஏற்றுக்கொண்டு உழவர் மகளிர் நெல்லை அளந்து கொடுக்கும் காட்சி உண்டு. அது பண்டமாற்று. வேட்டுவன் கொண்டுவந்தது ஒரு வட்டி. அவன் கொண்டுசென்றது தன் வீட்டுக்கு வேண்டிய நெல். நெல்லைக் குவித்து வைத்தால் அது மக்கும்; ஆதலால் அவ்வேட்டை தானே தன் எல்லையை அறிந்தது. பணமோ மக்குவதில்லை.

ஆணும் பெண்ணும்

இனிக் கொம்பு வேட்டையின் விளைவை நோக்குவோம். கொம்பு விரும்புபவன் கூட்டத்திலுள்ள மிகச்சிறந்த கலையையே தெரிந்து கொல்வான். புலியும் சிறுத்தையும் பெரும்பாலும் இளையதையும் நோயுற்றதையும் தளர்ந்ததையும் பிடிக்கும். மனிதன் நேர்மாறாக வலியதைப் பிடிப்பான். மானின் கொம்பு பெருப்பதற்கு வயது, உணவு, பிறப்பு ஆகிய மூன்றும் காரணம். கனடாவின் அல்பேட்டா மாகாணத்துக் காட்டாடுகளை முப்பதாண்டுகள் கவனித்த அறிஞர், பெருங்கொம்புக் கடாக்களையே தெரிந்து கொன்றமையால் அக்கூட்டத்திற் கொம்பும் உடலும் தலைமுறைக்குத் தலைமுறை சிறுத்தன என்று 2003 இல் எழுதினர். அச்சிறுமையில் எத்துணைப் பங்கு பிறப்பால் வந்தது, எத்துணைப் பங்கு உணவுக் குறைவால் வந்தது என்னும் வாதம் அறிஞரிடையே பின்னரும் தொடர்ந்தது.

இதனினும் பெரிய விளைவு மற்றொன்று. மானினத்தில் ஒரு கலை பல பிணைகளைச் சேரும். ஆதலாற் கலைகள் சில குறைந்தாலும் குட்டிகளின் தொகை குறையாது. கொம்புக்காகக் கலையை மட்டும் கொன்று பிணையை விட்டுவிடும் நாட்டில் மான் பெருகிக்கொண்டே போகும். ஸ்கொத்லாந்து இதற்குச் சான்று. ஓநாய் அழிந்துபோன அந்நாட்டு மலைகளை விக்ரோறியா இராணியார் காலத்துச் செல்வர் செம்மான் வேட்டைக்கென ஒதுக்கினர். 1851 இல் லான்சியர் தீட்டிய பெருங்கொம்புக் கலையின் ஓவியம் அந்நாட்டின் அடையாளமாகவே ஆயிற்று. கலையைத் தேடி வருபவன் பணம் தருவான். பிணையைக் கொல்லுதல் கூலிக்குரிய வேலை. பயன் என்ன? இன்று அங்கு எல்லா மானினங்களும் சேர்ந்து ஏறத்தாழ பத்து இலட்சம் என்கின்றனர். இளமரக் கன்றுகள் தலையெடுக்க இயலவில்லை. 2023 இல் அந்நாட்டு அரசாங்கம் கலைமான் வேட்டைக்கிருந்த தடைக்காலத்தையே நீக்கிவிட்டது.

மற்றொரு கேடும் அமெரிக்காவில் எழுந்துள்ளது. பெருங்கொம்புக் கலைகளை வேலிக்குள் அடைத்து, ஊட்டி வளர்த்து, பணத்துக்குச் சுடவிடும் தொழில் டெக்சாஸ் முதலிய மாநிலங்களில் வளர்ந்தது. 1967 இல் கொலறாடோ மாநிலத்திற் கூட்டில் அடைத்த மான்களில் முதன்முதற் காணப்பட்ட ஒருவகை மூளை நோய், இன்று முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களிற் பரவியிருக்கின்றது. வளர்ப்பு மான்களை ஊர்விட்டு ஊர் ஏற்றிச் செல்லுதல் அது பரவும் வழிகளுள் ஒன்று. அந்நோயுற்ற மானின் இறைச்சியை உண்ணற்க என்று சுகாதார அதிகாரிகள் அறிவுறுத்துகின்றனர். ஒருவனுடைய கொம்பாசை மற்றொருவனுடைய உணவைக் கெடுக்கும் நிலை இது.

ஆயினும் கொம்பு வேட்டை எங்கும் தீமையே விளைத்தது எனக் கூறுதலும் வழுவாகும். பாகிஸ்தானின் வடமலைகளில் வாழும் மார்க்கோர் என்னும் முறுக்குக்கொம்பு ஆடு, முன்னர் உள்ளூராராலே ஊனுக்காகக் கொன்று அருகிப்போயிருந்தது. முதிர்ந்த கடாக்கள் மிகச் சிலவற்றைச் சுடுதற்கு மட்டும் ஏலத்தில் அனுமதி வழங்கி, அப்பணத்தில் நூற்றுக்கு எண்பது பங்கை அம்மலைக் கிராமத்தாருக்கே கொடுக்கும் ஏற்பாடு அங்கு நடந்துவருகின்றது. ஓர் அனுமதி இரண்டு இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேலும் விலைபோயிற்று. ஆட்டைக் கொன்று தின்ற கிராமத்தார் ஆட்டுக்குக் காவலராயினர். 2015 இல் உலகப் பாதுகாப்பு ஒன்றியம் அவ்வினத்தை அழிவு நேரவுள்ள இனம் என்னும் படியினின்று இடர் குறைந்த நிலைக்கு மாற்றிற்று. அங்குச் செருக்குக்கு விலை வைத்து, அவ்விலையைப் பசித்தவனுக்குக் கொடுத்தனர். அவ்வாறு கொடாத நாடுகளிற் செருக்கு மட்டுமே மிஞ்சும்.

அலாஸ்காவின் விதி ஒன்று யான் அறிந்தவற்றுள் மிகச் சிறந்தது. அங்கு வேட்டையாடியவன் உண்ணத்தக்க இறைச்சி முழுவதையும் காட்டினின்று வெளியே கொணர்ந்த பின்னரே கொம்பை எடுத்துச் செல்லலாம். கொம்பு கடைசிச் சுமையோடு வரல் வேண்டும். இறைச்சி காட்டில் அழுக, கொம்பு மட்டும் ஊருக்கு வருமாயின் அது குற்றம்.

பழைய கதைகளில்

இவ்விதிகளின் கருத்து எமக்குப் புதியதன்று. பாரதத்திலே பாண்டு மன்னன் மானுருக் கொண்டிருந்த முனிவரை எய்த கதையைப் பலரும் அறிவர். அம்முனிவர் மன்னனைச் சினந்தது மானைக் கொன்றமைக்காக அன்று; அது பிணையோடு கூடியிருந்த வேளையிற் கொன்றமைக்காக. அரசர்க்கு வேட்டை உரியது என்பதை அவர் மறுத்திலர். இக்காலத்தார் இனப்பெருக்கப் பருவத்தில் வேட்டையை விலக்கித் தடைக்காலம் என்று விதிப்பது அவர் கூறிய நியாயமே.

இராமாயணத்தின் பொன்மானோ கொம்பு வேட்டையின் கதை எனலாம். அம்மானைச் சீதாபிராட்டி விரும்பியது பசியால் அன்று, அதன் அழகினால். உயிரோடு அகப்படாவிடில் அதன் தோலேனும் வேண்டும் என்று அவர் கேட்டதாக வான்மீகி முனிவர் பாடுகின்றார். ஊனுக்காக மான் தேடிச் சென்ற நாட்களில் அவர்களுக்கு இடர் நேர்ந்திலது. அழகிய பொருளை உடைமையாக்க எண்ணிய ஒரு நாளிலேயே எல்லாம் நேர்ந்தது.

திருவள்ளுவரோ இவ்விரு வேட்டைக்கும் இடங்கொடாதவர். புலால் மறுத்தலில் அவர் கொல்பவனோடு நில்லாது, கொள்பவனையும் வழக்கிற்குள் இழுக்கின்றார். உண்பார் இலரேல் விற்பாரும் இலர் என்பது அவர் கருத்து. சைவ உணவினர் மட்டுமே போற்றத்தக்க அறமாக இதனைக் கொள்ளல் வேண்டா. வாணிகத்தின் வேர் வாங்குபவனிடம் உள்ளது என்னும் பொருளியல் உண்மையும் இதில் உண்டு.

இன்று எம்மிடையே

இந்நோக்கோடு இன்றைய இலங்கைக்கு வருவோம். இங்குக் கொம்பு வேட்டை ஒழிந்தது. பழைய வீடுகளின் சுவர்களிலும் பழைய வாடிவீடுகளிலும் மங்கிக் கிடக்கும் மரைத்தலைகளே அதன் எச்சம். மானையும் மரையையும் கொல்லுதலும் அவற்றின் இறைச்சியை விற்றலும் குற்றம். 2009 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தண்டனைகளை மிகுத்தது. எனினும் ஊன் வேட்டை ஒழியவில்லை.

இவ்விடயத்தை ஒருமுறை எமது மாணவர் மன்றத்தில் விவாதப் பொருளாகக் கொடுத்திருந்தேன். ஊனுக்காக வேட்டையாடுதல் மன்னிக்கத்தக்கது என்று பலர் பேசினர். வன்னிக் காட்டோரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து பயிலும் மாணவர் ஒருவர் இறுதியில் எழுந்து, "ஐயா, எங்கடை ஊரிலை மான் அடிக்கிறவை மான் தின்னுறதில்லை. அது வாகனத்திலை ஏறிப் போயிடும்" என்றார். விவாதம் அவ்விடத்தில் முடிந்தது என்றே சொல்லலாம்.

அவர் கூறியது உண்மை. இன்று காட்டுக்குள் இடியன் துவக்கும் கட்டுத்துவக்கும் கம்பிச் சுருக்கும் கொண்டு செல்பவன் பெரும்பாலும் ஏழையே. ஆனால் அவன் கொன்றது அவன் அடுப்புக்கு வருவதில்லை. நகரத்திலிருந்து வருபவருக்கும், விருந்து நடத்துபவருக்கும், காட்டிறைச்சி என்றால் நாவூறுவோருக்கும் அது செல்கின்றது. கோழியும் ஆடும் மீனும் கடைதோறும் கிடைக்கும் ஊரில், மான் இறைச்சியை விரும்புபவர் புரதம் வேண்டி விரும்புகின்றாரோ? பிறருக்குக் கிடையாதது எனக்குக் கிடைத்தது என்னும் பெருமிதமே அதன் சுவை. அப்பெருமிதமும் பேக்கருடைய பெருமிதமும் ஒரே சாதி. ஒன்று சுவரில் மாட்டப்பட்டது. மற்றது தட்டிற் பரிமாறப்படுகின்றது. இவ்வகை ஊனும் கொம்பே.

கம்பிச் சுருக்குக்கு மற்றொரு கொடுமை உண்டு. துவக்கு எய்பவன் எதை எய்கின்றான் என்பதை அறிவான். சுருக்கு அறியாது. பன்றிக்கும் மானுக்கும் என வைத்த சுருக்கிற் சிறுத்தை சிக்குகின்றது. 2020 ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை, சிகிச்சை அளித்தும் பிழைக்கவில்லை. இத்தீவில் அரிதினும் அரிதாகக் காணப்படும் அவ்வுயிர் எவருடைய உணவுக்காகவும் மடியவில்லை. எவருடைய சுவருக்காகவும் மடியவில்லை.

மறுபுறத்தில், உண்மையாகவே ஊனுக்காக வேட்டையாடி வாழ்ந்தோரை நாம் என் செய்தோம்? 1983 இல் மாதுறு ஓயாத் தேசியப் பூங்கா அமைந்தபோது, அக்காட்டில் வாழ்ந்த வேடர் குடும்பங்கள் வேற்றிடங்களிற் குடியேற்றப்பட்டன. அவர்தம் தலைவர் ஊருவரிகே திசாஹாமி காட்டை விட்டு அகல மறுத்துத் தம்பானையிலேயே வாழ்ந்து 1998 இல் மறைந்தார். நொக்ஸ் கண்ட தேன்பொந்தின் வழித்தோன்றல்களுக்கு வேட்டை சட்டவிரோதமாயிற்று. வாகனத்திற் செல்லும் இறைச்சிக்கோ வழி அடைபடவில்லை. வாகரைப் பக்கத்திலே தமிழ் பேசி வாழும் கரையோர வேடரைப் பற்றி எமது பத்திரிகைகள் எழுதுவதும் மிகக் குறைவு. சட்டம் எல்லார்க்கும் ஒன்றாதல் வேண்டும் என்பது நியாயம். ஆயின், உண்பதற்குக் கொல்பவனையும் விற்பதற்குக் கொல்பவனையும் ஒன்றாக எண்ணும் சட்டம் ஒன்றாதல் என்னும் சொல்லின் பொருளைப் பிறழ உணர்ந்த சட்டம்.

திருகோணமலை நகரத்துப் புள்ளிமான்களையும் இங்கு நினைத்தல் தகும். பிரெட்றிக் கோட்டையைச் சூழவும் கடற்கரையிலும் அவை மனிதரஞ்சாது திரிகின்றன. கோணேசர் கோயிலுக்குச் செல்வோர் அவற்றைக் கண்டு மகிழ்கின்றனர். அவற்றை எவரும் துரத்துவதில்லை. ஆனால் நாம் எறியும் உணவுப் பொதியின் பொலித்தீனைத் தின்று அவை மடிகின்றன. வேட்டுவன் வயிற்றுக்குக் கொன்றான். துரை சுவருக்குக் கொன்றான். நாம் ஒரு பயனும் கருதாமலே கொல்கின்றோம்.

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவது இது. ஊன், கொம்பு என்னும் பாகுபாடு வேட்டையை அளக்கும் சரியான கோல் அன்று. தேவைக்கு எல்லை உண்டு. செருக்குக்கும் இலாபத்துக்கும் எல்லை இல்லை. எல்லையுள்ள வேட்டை ஊனுக்காயினும் கொம்புக்காயினும் காட்டை முற்றும் அழித்ததில்லை. எல்லையற்ற வேட்டை எதன் பொருட்டாயினும் அழித்தே தீரும். ஆகையாற் சட்டம் தேடவேண்டியவன் சுருக்கு வைத்த கூலிக்காரன் மட்டும் அல்லன். இறைச்சியை ஏற்றிச் செல்பவனையும் வாங்கி விருந்திடுபவனையும் அது முதலிற் தேடல் வேண்டும். வேடரின் பழைய உரிமையை அளவோடு ஏற்பது குறித்து அரசாங்கம் அவர்களோடு அமர்ந்து பேசல் வேண்டும்.

ஆசிரியர்களாகிய எமக்கும் ஒரு கடமை உண்டு. விடுமுறையில் வன்னிக்கும் கிழக்குக்கும் சுற்றுலாச் செல்லும் எம்மவர் பலர், வழியிலுள்ள கடையில் வண்டியை நிறுத்திக் குரலைத் தாழ்த்தி "காட்டிறைச்சி இருக்கோ?" என வினவுகின்றனர். அவ்வினா எழாத ஊரிற் சுருக்குக் கம்பி துருப்பிடித்துப் போகும். எங்கள் வகுப்பிலிருந்து வெளியேறும் மாணவர் அவ்வினாவைக் கேளாதவராக வளர்வாராயின், சட்டம் செய்ய இயலாததைப் பள்ளிக்கூடம் செய்ததாகும்.